இடது கேனில் நான் ஊற்றிய தண்ணீர்

ஏற்காடு,
ஜனவரி 22, வியாழக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய பேராசிரியை முனைவர் புஷ்பலதா அம்மா அவர்களுக்கு,

தங்களிடம் முனைவர் பட்டத்திற்கு ஆராய்ச்சி செய்துவரும் சிவசக்தியின் மாமனார் கந்தசாமி மிகுந்த பணிவுடன் எழுதிக்கொள்வது. இம்மாதம் ஏழாம் தேதி தாங்கள் எங்கள் லாட்ஜுக்கு வந்திருந்தபோது குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு இரண்டு முறை காபி கொண்டுவந்தவனும், வானிலைக்காகத் தங்களிடம் மூன்று முறை மன்னிப்புக் கேட்டவனும் நான்தான். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் துறையில் உள்ள மற்ற பேராசிரியர்களும் நலமாயிருக்க வேண்டும். இங்கே நாங்கள் நலம். கடிதத்தில் அப்படித்தான் எழுத வேண்டும் என்பதால் எழுதினேனே தவிர, என் மருமகள் பதினைந்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை, என் மனைவி பார்வதி மட்டும் எங்கள் இருவருக்கும் சேர்த்துக் கவலைப்பட்டுக்கொண்டு சாப்பிடுகிறாள். சிவசக்தி இன்று காலை பஸ்ஸில் கல்லூரிக்கு இறங்கிவிட்டாள். மாலை ஐந்து மணி பஸ்ஸுக்கு மேலே வருவாள். அதற்குள் நான் இதை எழுதி முடித்தாக வேண்டும், ஏனென்றால் இப்படி ஒரு கடிதம் எழுதக் கூடாது என்று அவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

நீளமான கடிதத்தைப் பாதியில் வைத்துவிடுவது படித்தவர்களின் பழக்கம் என்பதால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிவசக்தியின் நோட்டில் தாங்கள் பார்த்த எண்கள் தவறானவை. அவற்றைத் தவறாக்கியது நான். பாத்ரூம் மக்கை வைத்து ஆக்கினேன். மற்ற விவரங்கள் கீழே.

எங்களுடையது ஒண்டிக்கடை முக்குக்குப் பின்னால் ஆறு அறை உள்ள சின்ன லாட்ஜ். மகன் சந்தோஷ் ஓசூரில் வேலை பார்க்கிறான், சனிக்கிழமை வருவான். சிவசக்தி வாழவந்தி என்ற மலைக்கிராமத்துப் பெண். இருவரும் விரும்பிச் செய்துகொண்ட கல்யாணம். பேசி முடிக்கிற அன்று அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கல்யாணத்துக்கு அப்புறமும் நான் படிப்பேனுங்க மாமா, சரிங்களா?" என்றாள். நான் உடனே சரி கண்ணு என்றேன். படிப்பு என்றால் புத்தகம் என்று நினைத்துச் சொன்ன சரி அது. அதில் சிலந்தி வரும் என்று எனக்குத் தெரியாது. வந்த மூன்றாம் மாதம், மூன்றாம் நம்பர் அறையின் ஜன்னலில் ஒட்டடை அடிக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அங்கே ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது. சிவசக்தி விடியற்காலையில் ஏணி போட்டு ஏறி அதைப் போட்டோ எடுப்பாள். ஈரோட்டிலிருந்து வந்து தங்கிய ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "என்னங்க, ரூம்ல இவ்வளவு பெரிய சிலந்தி இருக்குது" என்றார். "அது ஆராய்ச்சிங்க" என்றேன். அவர் அன்று மதியமே வேறு லாட்ஜுக்குப் போனார். அதற்குப் பிறகு மூன்றாம் நம்பர் கேட்பவர்களிடம் சிலந்தி உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். நாங்கள் அந்த அளவுக்கு ஒத்துழைத்த குடும்பம் என்பதைத் தாங்கள் மனதில் வைக்க வேண்டும்.

எனக்கும் முதலில் புரியவில்லைதான். ஒரு நாள் அவள் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். சிலந்தி நூல் நமக்கு ஒரே சீராகத் தெரிகிறது, ஆனால் அதில் வரிசையாகக் குட்டிக் குட்டி முடிச்சுகள் இருக்கின்றன. பனி நூலில் பட்டதும் மெலிந்த இடத்தில் நிற்காமல் தானாக நகர்ந்து முடிச்சுக்குப் போய்ச் சேருகிறது, அங்கே சேர்ந்து சேர்ந்து பெரிய சொட்டாகி விழுகிறது. "இதே மாதிரி நூலை நாம செஞ்சு வலை பின்னி நிறுத்தினா, பனியில இருந்து குடிக்கறதுக்குத் தண்ணி எறக்கலாமுங்க மாமா" என்றாள். எதற்கு கண்ணு, லாரித் தண்ணிதான் வருதே என்று கேட்டேன். அவள் படத்தை மூடி வைத்தாள். பிறகு சொன்னாள்: "மாசி பங்குனியில எங்கம்மா கொடத்தைத் தூக்கிட்டு ஓடைக்குக் கீழ எறங்கிப் போகுதுங்க. அதே நேரத்துக்குத் தண்ணி எங்க ஊட்டுக் கூரைக்கு மேல போயிட்டு இருக்குதுங்க, பனியா." அம்மா, நான் பத்தாவதுக்கு மேல் படிக்காதவன். அந்த ஒரு பேச்சுக்குப் பிறகு இந்த ஆராய்ச்சியின் நோக்கத்தை எனக்கு வேறு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்றே மொட்டைமாடியைக் காலி செய்து கொடுத்தேன்.

அக்டோபர் மாதம் இரண்டு சட்டம் நிறுத்தி இரண்டு வலை கட்டினாள். ஒவ்வொன்றும் ஒரு மீட்டர். கீழே ஒரு தகரக் கால்வாய், அதிலிருந்து குழாய், குழாய்க்குக் கீழே ஒரு வெள்ளைக் கேன். இடது பக்கம் ஒரு கேன், வலது பக்கம் ஒரு கேன். தினமும் காலை ஏழு மணிக்கு இரண்டையும் ஜாடியில் ஊற்றி அளந்து நோட்டில் எழுதுவாள். "கேனை யாரும் தொடக் கூடாதுங்க மாமா, நீங்க பாத்துக்கறீங்களா?" என்று என்னிடம் ஒப்படைத்தாள். பாத்துக்கறேன் சாமி என்றேன். பார்த்துக்கொண்டதை நான் எப்படிச் சொல்வது. குரங்குகள் முதல் வாரமே வலையைப் பிடித்து ஊஞ்சலாடின, கவண் வாங்கி உட்கார்ந்தேன். கல்யாணமாகி வந்திருந்த ஒரு ஜோடி வலைக்குப் பின்னால் நின்று போட்டோ எடுத்தது, அந்தப் பையனின் கோட்டுப் பொத்தான் மாட்டிக்கொண்டு வலையோடு நடந்தான், நான் பின்னால் ஓடினேன். சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் குளித்துவிட்டு ஐந்து துண்டுகளை இரண்டு வலையிலும் காயப்போட்டுவிட்டு லேக்கைப் பார்க்கப் போய்விட்டது. மறுநாள் காலை கேன் நிறையத் தண்ணீரைப் பார்த்த சிவசக்தி மறுபடி மறுபடி அளந்தாள், பிறகு கேனிலிருந்து சோப்பு வாசனை வந்ததால் அந்த நாளை அடித்துவிட்டாள். நான் அன்றே ஒரு போர்டு எழுதி மாட்டினேன்: 'இது துணிக்கொடி அல்ல. இங்கே பனி பிடிக்கப்படுகிறது.' அதற்கு அப்புறம் வருகிறவர்கள் எல்லாம் பனி எத்தனை மணிக்குப் பிடிப்பீர்கள் என்று கேட்டு மாடிக்கு வர ஆரம்பித்ததால் மாடிக்கதவுக்கு நாதாங்கி போட வேண்டியதாயிற்று.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். இரண்டு வலையில் ஒன்று மருமகளுடையது, இன்னொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கடையில் வாங்கிய சாதா வலை என்பது எனக்குத் தெரியும். எது எது என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இடது பக்கத்து வலை புத்தம் புதிதாகப் பளபளவென்று, சீராக, மாப்பிள்ளை மாதிரி நின்றது. வலது பக்கத்து வலை மங்கலாக, முடிச்சு முடிச்சாக, பத்து வருடம் மீன் பிடித்துவிட்டு வந்தது மாதிரி இருந்தது. முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற பெண் எதைச் செய்திருப்பாள்? இடது வலைதான் அவளுடையது என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டேன். முடிச்சு என்று அவளே படத்தில் காட்டியிருந்தாளே என்று தாங்கள் கேட்கலாம். அவள் காட்டியது கண்ணுக்குத் தெரியாத முடிச்சு. கண்ணுக்குத் தெரிகிற முடிச்சைப் பழசு என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் பதினொன்றாம் தேதி அவள் தங்களோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பக்கம் போனபோது, "லெஃப்ட் சைடு நொம்பக் கம்மிதாங்க மேடம் வருது" என்று சொன்னது காதில் விழுந்தது. அதைச் சந்தோஷமாகச் சொல்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அன்று அவளுக்குச் சளி வேறு. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். அழுகிறாள் என்று நினைத்துவிட்டேன். அம்மா, நான் முப்பது வருடமாக லாட்ஜ் நடத்துகிறவன். வெந்நீர் கேட்கிறவர்களின் வாளியில் ஒரு மக்கு குறைவாக இருந்தால், அவர்கள் கேட்பதற்கு முன் நானே ஊற்றி நிரப்பிவிடுவேன். இது எனக்குக் கையில் ஊறிய பழக்கம். மறுநாள் காலை ஐந்தரைக்கு மாடியில் நடக்கப் போனபோது இடது கேனைப் பார்த்தேன். அடியில் கொஞ்சமாகத் தண்ணீர் கிடந்தது. பக்கத்திலேயே எங்கள் தண்ணீர்த் தொட்டி, அதன் மேல் நீல மக்கு. அரை மக்கு ஊற்றினேன். அந்த நேரத்தில் நான் ஆராய்ச்சி, கல்லூரி, கமிட்டி எதையும் நினைக்கவில்லை. குறைவாக இருந்தது, ஊற்றினேன்.

நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அன்று ஏழு மணிக்கு அளந்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன், சந்தோஷம் இல்லை. அரை மக்கு போதவில்லை என்று நினைத்தேன். மறுநாள் முக்கால். அதற்கடுத்த வாரம் முழு மக்கு. இடது கேனில் ஏற ஏற அவள் புருவம் சுருங்கிக்கொண்டே போனது. அவள் முகம் வாடுகிறதே என்று நான் ஊற்றினேன், நான் ஊற்றுவதால் அவள் முகம் வாடியது, இப்படியே மார்கழி வரை ஓடிற்று. அவள் வலது வலையை அவிழ்த்து மறுபடி கட்டினாள், காற்று வரும் திசையைப் பார்த்துச் சாய்த்தாள், கல்லூரிக்கு எடுத்துப் போய் ஏதோ பூச்சுப் பூசிக்கொண்டு வந்தாள். பழைய வலைக்கு எதற்கு இவ்வளவு பாடுபடுகிறாள், நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

தாங்கள் வந்த ஏழாம் தேதி தங்களுக்கு நினைவிருக்கும். ஏற்காட்டில் அதற்கு முந்தின நாள் வரை எதிரே வரும் வண்டி தெரியாத பனி, தாங்கள் வந்த அன்று பார்த்து தர்மபுரி வரை தெரிகிற வெயில். அதற்காகத்தான் மன்னிப்புக் கேட்டேன். தாங்கள் மாடியில் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது நான் பிஸ்கட் தட்டோடு ஏறி வந்தேன், கதவைத் திறந்த நேரத்தில் குரங்கு தட்டைப் பிடித்துக்கொண்டது, நானும் குரங்கும் இழுத்துக்கொண்டிருந்ததில் தாங்கள் அவளிடம் என்ன சொன்னீர்கள் என்பது காதில் விழவில்லை. அவள் தலை குனிந்து நின்றதை மட்டும் பார்த்தேன். வண்டியில் ஏறும்போது தாங்கள் என்னிடம், "உங்க மருமக கெட்டிக்காரிங்க. என்ன பண்றது, இயற்கை ஒத்துழைக்கலை" என்றீர்கள். வெயிலைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைத்து நான் மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன். தாங்கள் என்னை விசித்திரமாகப் பார்த்ததன் காரணம் இப்போதுதான் புரிகிறது.

அன்று மாலை பார்வதி ராகிக் களி கிண்டியிருந்தாள். சிவசக்தி தட்டைத் தொடவில்லை. ஆறுதலாக இருக்கட்டும் என்று நான் ஆரம்பித்தேன். "எதுக்கு கண்ணு கவலைப்படற? அந்தப் பளபளன்னு இருக்கற வலை நல்லாத்தானே குடுக்குது?"

"அதுதாங்க மாமா பிரச்சினையே" என்றாள். "அது கடையில வாங்கின சாதா வலைங்க. நான் செஞ்சது வலது பக்கம் இருக்கறது, முடிச்சுப் போட்டது. சாதா வலையும் அதுவும் ஒரே அளவு குடுக்குதுங்க. சில நாளு சாதாவே ஜாஸ்தி. அப்பறம் அந்த முடிச்சு எதுக்குன்னு மேடம் கேக்கறாங்க. எனக்குப் பதில் தெரியலைங்க."

களி உருண்டை தொண்டையில் நின்றுவிட்டது. பார்வதி முதுகில் தட்டினாள். மெல்லாம முழுங்கிட்டேன் என்று சமாளித்தேன். பிப்ரவரி மூன்றாம் தேதி அவள் ஆராய்ச்சியைப் பார்வையிடும் கமிட்டி கூடுகிறது, அதற்குள் எண்கள் மாறாவிட்டால் தலைப்பை மாற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறீர்கள் என்று அவள் சொல்லச் சொல்ல, என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்போதே உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதம் ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. செய்த தப்பைச் சத்தமில்லாமல் சரிபண்ணிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து இடது கேனை விட்டுவிட்டு வலது கேனில் ஊற்றினேன். ஒன்றுக்கு இரண்டு மக்காக ஊற்றினேன்.

நான்காம் நாள் ஏழு மணிக்கு மாடியிலிருந்து சத்தமே இல்லை. எப்போதும் ஜாடி சத்தம் கேட்கும். ஏறிப் போய்ப் பார்த்தேன். சிவசக்தி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்குப் பனியே இல்லைங்க மாமா" என்றாள். "ராத்திரி பூராவும் வானம் தெளிவா இருந்திருக்குது. வலை காஞ்சு கெடக்குது, தொட்டுப் பாருங்க. ஆனா கேனுல தண்ணி இருக்குதுங்க."

நான் வானத்தைப் பார்த்தேன். நீலமாக இருந்தது. ஊற்றுவதற்கு முன் பார்த்திருக்க வேண்டும்.

"மூணு மாசமா நான் எதை அளந்தேன்னே எனக்குத் தெரியலைங்க. என் எழுத்து மேல எனக்கே நம்பிக்கை போயிருச்சு. மேடத்துகிட்டச் சொல்லி விட்டுடறேனுங்க மாமா. இது எனக்கு வராது."

மக்கு என் கையில்தான் இருந்தது. அதை அவள் முன்னால் வைத்தேன். சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை, ஆனால் முழுவதும் சொன்னேன். அவள் மக்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எத்தனை தடவைங்க?"

"இடது பக்கம் முப்பத்தொரு நாளு. வலது பக்கம் நாலு நாளு."

"எதுக்குங்க மாமா?"

"கம்மியா இருந்துச்சு கண்ணு. ஊரு பேரு தெரியாம வந்து தங்கறவங்களுக்கே ஒரு மக்கு சேத்து ஊத்தறவன் நானு. என் ஊட்டுப் புள்ளைக்கு ஊத்த மாட்டனா?"

அவள் வலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்து முடித்த பிறகுதான் அழுதாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மேடத்துகிட்ட நானே வந்து சொல்லிடறேன் என்றேன். அதற்குத்தான் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "வேண்டாமுங்க. கருவியில கோளாறுன்னு நான் சொல்லிக்கறேன். மாமனாரு தண்ணி ஊத்தினாருன்னு போயி நின்னா, அஞ்சு பேரு உக்காந்து உங்களைப் பார்த்துச் சிரிப்பாங்க. என்னைப் படிக்கட்டும்னு விட்டவருங்க நீங்க. எனக்கு அந்தப் பட்டமே வேண்டாமுங்க" என்றாள். சிரிச்சா சிரிக்கட்டும் கண்ணு என்றேன். "நீங்க கடுதாசி கிடுதாசி எழுதக் கூடாதுங்க, சொல்லிட்டேன்" என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறை. சத்தியம் வாங்கவில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

இந்த இடத்திலிருந்து தாங்கள் ஒவ்வொரு எழுத்தையும் கவனமாகப் படிக்க வேண்டும். நான் குற்றவாளி, ஆனால் ஒழுங்கான குற்றவாளி. ஒரே நாளில் மறந்து இரண்டு முறை ஊற்றிவிடக் கூடாதே என்று, ஊற்றிய ஒவ்வொரு நாளையும் வரவேற்பறை நாள்காட்டியில் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். முழு மக்குக்கு முழு வட்டம், அரை மக்குக்கு அரை வட்டம், முக்காலுக்கு ஒரு வாய் கடித்த மாதிரி வட்டம். மக்கைச் சிவசக்தியின் ஜாடியில் ஊற்றி அளந்தேன், எண்ணூற்று இருபது மில்லி. நாள்வாரிப் பட்டியல் இத்துடன் இரண்டு தாளில் இணைத்திருக்கிறேன், ஒவ்வொரு தாளின் அடியிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நோட்டில் உள்ள எண்ணிலிருந்து என் மக்கைக் கழித்துப் பாருங்கள். நான் மூன்று முறை கழித்துப் பார்த்துவிட்டேன். சாதா வலை ஒரு நாளுக்கு அறுநூறு மில்லியைத் தாண்டவில்லை. என் மருமகளின் முடிச்சு வலை ஒரு லிட்டர் நானூறு கொடுத்திருக்கிறது. இரண்டு மடங்குக்கும் மேலே. முடிச்சு எதற்கு என்று தாங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அந்தக் கேனில் தினமும் வந்து விழுந்திருக்கிறது, நான்தான் பக்கத்துக் கேனில் ஊற்றி ஊற்றி அதை மறைத்துவிட்டேன்.

ஆகவே என் வேண்டுகோள். வேண்டுகோள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், இதில் நான் பின்வாங்குவதாக இல்லை. மூன்றாம் தேதி கமிட்டியில் இந்தக் கடிதத்தைத் தாங்கள் சத்தமாக வாசிக்க வேண்டும். வாசிக்கத் தங்களுக்குக் கூச்சமாக இருந்தால் நானே வந்து வாசிக்கிறேன். மக்கையும் நாள்காட்டியையும் கொண்டுவருகிறேன். வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது என்றால் வாசலில் நிற்கிறேன், வாசலிலும் கூடாது என்றால் கல்லூரி கேட்டில் மக்கோடு நிற்கிறேன், போகிற வருகிற பேராசிரியர்களிடம் ஒவ்வொருவராகச் சொல்கிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். வாழ்நாள் முழுக்க விருந்தாளிகளின் திட்டைக் கேட்டவனுக்குச் சிரிப்பு ஒன்றும் செய்யாது. ஆனால் அந்தப் பெண் தலைப்பை மாற்றக் கூடாது. அவள் கொண்டுவந்து தரும் கடிதத்தில் கருவிக் கோளாறு என்று இருந்தால் நம்பாதீர்கள். கருவி நன்றாக இருக்கிறது. கோளாறு ஐந்தடி ஏழு அங்குலம், குரங்குக் குல்லா.

தாங்கள் ஒரு சந்தேகம் கேட்கலாம். இவர் ஊற்றியது போக வேறு யாராவது கை வைத்திருந்தால் என்ன செய்வது, இந்தப் பட்டியலை எப்படி நம்புவது என்று. நியாயமான கேள்வி. துண்டு காயப்போட்ட அந்த ஒரு நாளைத் தவிர, என் கையும் என் மருமகள் கையும் அல்லாமல் மூன்றாவது கை அந்தக் கேன்களில் பட்டதே இல்லை. இதற்கு நான் முழுப்பொறுப்பு ஏற்கிறேன். எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன்.

எங்கள் மலைச்சாமி சேர்வராயன் அருளால் தாங்களும் தங்கள் பிள்ளைகளும் எந்தக் குறையுமில்லாமல் இருக்க வேண்டும். தங்கள் துறையில் படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். அடுத்த முறை பனியுள்ள நாளாகப் பார்த்து வாருங்கள், மூன்றாம் நம்பர் தவிர எந்த அறை வேண்டுமானாலும் தருகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ப. கந்தசாமி

பின்குறிப்பு: அம்மா, மேலே கண்ட பட்டியலைத் தயவுசெய்து கிழித்துவிடவும்.

எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லிக் கடிதத்தைப் பார்வதியிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள். மடித்தாள். மறுபடி பிரித்துக் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தாள். "ஏனுங்க, இதை இன்னைக்கே அனுப்பியாகணுங்களா?" என்றாள். ஏன் என்றேன். "அந்த மூணாவது கைன்னு எழுதியிருக்கறீங்களே, அதை மட்டும் எடுத்துடுங்க" என்றாள். பிறகு சொன்னாள். தீபாவளியிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு நான் குளிக்கப் போகும் நேரம் பார்த்து மாடிக்குப் போய், வலது கேனிலிருந்து ஒரு சொம்பு எடுத்துக்கொண்டிருந்தாளாம். லாரித் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாதாம். பனித் தண்ணீரில் இரண்டே விசிலில் மலர்ந்துவிடுகிறதாம். ஏன் வலது கேன் என்று கேட்டேன். "அதுலதாங்க எப்பவும் நெறைய இருந்துச்சு. நெறைய இருக்கறதுல எடுத்தா தெரியாதில்லீங்களா?" என்றாள். எத்தனை நாள், எவ்வளவு என்று கேட்டால், அது பருப்பைப் பொறுத்தது என்கிறாள். இவள் வட்டம் எதுவும் போட்டு வைக்கவில்லை.

ஆகவே நோட்டில் உள்ள எண்ணும் தவறு, நான் கழித்துக் கொடுத்த எண்ணும் தவறு. உண்மையில் வந்த தண்ணீர் இடது பக்கம் நோட்டில் உள்ளதைவிடக் குறைவு, வலது பக்கம் நோட்டில் உள்ளதைவிட அதிகம் என்பது மட்டும் உறுதி. எவ்வளவு அதிகம் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. அதனால் என் வேண்டுகோளை மாற்றிக்கொள்கிறேன்: வரும் ஐப்பசிப் பனியில் முதலிலிருந்து அளக்க ஓர் ஆண்டு கூடுதல் அவகாசம். மாடிக்கதவுக்குப் பூட்டு வாங்கிவிட்டேன், சாவி சிவசக்தியிடம் மட்டும் இருக்கும், நானும் பார்வதியும் மாடிப்படி ஏறுவதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். இதைத் தபாலில் போடவில்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் இருவரும் நேரிலேயே கொண்டுவருகிறோம். அவகாசம் கிடைக்காமல் மேலே ஏறுவதாக இல்லை.

ஒன்றை மட்டும் தங்களிடம் மறைக்க விரும்பவில்லை. மூன்று மாதமாக நாங்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டது அவளுடைய ஆராய்ச்சியைத்தான். அவளும் சாப்பிட்டாள். இப்பெல்லாம் பருப்பு நொம்ப நல்லா இருக்குதுங்க அத்தை என்று, ஒவ்வொரு முறையும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.